முதல் வார்த்தையும் கிராப்புக் கோழியும்

பகல் பன்னிரண்டு மணிக்கு ஆரம்பம், பேசுகிறவர்கள் ஏழு பேர், முதல் ஆள் வயலட். கோயில் வாசலில் ஒட்டியிருந்த நோட்டீசில் அப்படித்தான் போட்டிருந்தது. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் வாசித்தேன். அதே வயலட்தான்.

கூடையைக் கொஞ்சம் உன் கால் பக்கம் தள்ளிக்கொள்ளட்டுமா அம்மா? கொத்தாது. மேலே துணி கட்டித்தான் வைத்திருக்கிறேன். திருநெல்வேலி வரைக்கும்தான். அங்கே இறங்கி ஓசூர் பஸ் பிடிக்க வேண்டும். கண்டக்டர் இதற்கும் சேர்த்து டிக்கெட் கிழித்துவிட்டான், அதனால் இதுவும் நம்மைப் போல ஒரு பயணிதான்.

நீ வேதக்காரப் பிள்ளையா? இல்லையா. அப்படியானால் கொஞ்சம் விளக்கித்தான் சொல்ல வேண்டும். பெரிய வெள்ளிக்கிழமை அன்று எங்கள் கோயிலில் பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை ஆராதனை. இயேசு சிலுவையில் தொங்கும்போது ஏழு வார்த்தைகள் சொன்னார். வார்த்தைக்கு ஒருவராகச் சபையிலிருந்து ஏழு பேர் ஏறிப் பேசுவார்கள். நடுநடுவே பாட்டு. முதல் வார்த்தை மன்னிப்பு. தன்னை ஆணியடித்தவர்களை மன்னிக்கச் சொல்லிக் கேட்டாரே, அது. பேசுவதற்கு அதுதான் நல்ல வார்த்தை. ஜனங்கள் அப்போதுதான் குளித்து, வெள்ளை உடுத்தி, முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஐந்தாவது வார்த்தை தாகம். அது வருவதற்குள் மணி இரண்டு தாண்டிவிடும். உபவாச வயிறு, ஏப்ரல் வெயில். பாதிப் பேர் தூக்கம். மீதிப் பேர், நான் தாகம் தாகம் என்று சொல்லச் சொல்ல, எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். ஒன்பது வருஷமாக எனக்கு அந்த ஐந்தாவதுதான்.

நான் முணுமுணுத்ததில்லை. என் பெயர் ஜெபக்கனி. சந்தோஷபுரத்தில் ஜெபக்கனி டீச்சர் என்றால் தெரியாதவர்கள் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. தாழ்மையில் வளர வேண்டும் என்று புது வருஷ ஆராதனையில் தீர்மானம் எடுத்தவள் நான். எங்கள் தெருவில் தாழ்மையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பார்.

வயலட் யாரா? எங்கள் வீட்டு சாருடைய தங்கை. வீட்டுக்காரரைத்தான் சார் என்கிறேன். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். காலமெல்லாம் விசில் ஊதி ஊதி, வாயால் பேசுவது குறைந்துவிட்டது. வயலட் வீடு எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. புருஷன் காலமாகி நாளாகிறது, மகன் ஓசூரில் வேலை. அந்த நோட்டீஸ் ஒட்டிய சமயம் நான் அவளோடு பேசி ஆறு மாதம் ஆகியிருந்தது.

கோழிதான் காரணம். ஒரு கோழிக்காகவா என்று கேட்காதே. ஊரில் எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள்.

சாருக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. பார்வை நல்லபடியாகத் திரும்பினால், வீட்டில் இருப்பதிலேயே நல்லதை அறுப்பின் பண்டிகைக்குப் படைக்கிறேன் என்று பொருத்தனை செய்திருந்தேன். பொருத்தனை என்றால் உங்கள் பக்கம் நேர்ச்சை என்பீர்களே, அதுதான். பார்வை திரும்பியது. வீட்டில் இருப்பதிலேயே நல்லது என்று பார்த்தால், சாரை விட்டுவிட்டால், கோழிதான். கிராப்புக் கோழி, கழுத்தில் முடி இருக்காது. பார்க்க அழகில்லை. ஆனால் முட்டை போடுவதில் சத்தியவாசகம் மாதிரி. ஒரு நாள் தவறாது.

அறுப்பின் பண்டிகையில் என்ன செய்வோம் என்றால், பூசணிக்காய், வாழைத்தார், தேங்காய், ஆடு, கோழி என்று அவரவர் விளைச்சலைக் கோயிலில் கொண்டு வைப்போம். ஆராதனை முடிந்ததும் வெளியே புளியமரத்தடியில் எல்லாம் ஏலம். கோயில் ஊழியம் பார்க்கும் உபதேசியார்தான் கூவுவார். யார் படைத்தாரோ அவர் ஆசைப்பட்டுக் கேட்டால் மற்றவர்கள் ஒரு மரியாதைக்கு ஒன்றிரண்டு கேள்வி கேட்டு விலையை ஏற்றிவிட்டு, விட்டுவிடுவார்கள். ஆண்டவருக்குக் கொடுத்ததும் ஆயிற்று, பொருள் வீட்டுக்கு வந்ததும் ஆயிற்று. நான் அந்த எண்ணத்தில்தான் கோழியைக் கொண்டுபோனேன். ஆண்டவருக்கும் அது தெரியும்.

உபதேசியார் கோழியைத் தூக்கிக் காட்டினார். நான் கேட்டேன். வயலட் கேட்டாள். சரி, மரியாதைக்கு. நான் ஏற்றினேன். அவளும் ஏற்றினாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இன்னும் ஏற்றினாள். கடைசியில் ஒரு ஆட்டுக்குட்டி விலைக்கு வந்து நின்றது. நான் விட்டுவிட்டேன். "மூணு தரம்" என்று உபதேசியார் சொன்னதும் வயலட் கோழியைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு போனாள். அது என்னைப் பார்த்துக்கொண்டே போனது.

மறுநாள் மத்தியானம் தூக்குச் சட்டியில் குழம்பு வந்தது. வறுத்து அரைத்த கோழிக் குழம்பு. வயலட் வீட்டிலிருந்து!

நீயே சொல். நான் படைத்த கோழி, நான் ஏலத்தில் விட்ட கோழி, அதைக் குழம்பாக்கி எனக்கே அனுப்புகிறவளை என்ன சொல்வது? நான் வாயில் வைக்கவில்லை. சார் இரண்டு துண்டு சாப்பிட்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"ருசி எப்படி?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் சவசவன்னு இருக்கு" என்றார். முட்டைக்கோழி அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே வீட்டில் சொல்லிவிட்டேன். "இந்த வீட்டுக்குள்ள இனிமே வயலட்ங்கிற பேரே கேக்கக் கூடாது. கோழிங்கிற பேரும் கேக்கக் கூடாது." சார் சரி என்று தலையை ஆட்டினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனுஷன்.

அதற்காக நான் அவளை வெறுத்துவிட்டேன் என்று நினைக்காதே. நாள் தவறாமல் காலை ஜெபத்தில் அவள் பெயரைச் சொல்வேன். "ஆண்டவரே, வயலட்டுக்கு நல்ல புத்தியைக் கொடும்" என்று. அவள் நாலைந்து தடவை வீட்டுப் படி ஏறி வந்தாள். வந்த போதெல்லாம் நான் கதவைச் சாத்திக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தேன். ஆராதனையில் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துச் சமாதானம் சொல்லும் ஒரு கட்டம் உண்டு. அவள் எந்தப் பக்கம் உட்காருவாள் என்று முன்னால் தெரியாதே! அதனால் நான் தூணை ஒட்டி உட்கார்ந்துகொள்வேன். ஒரு பக்கம் தூண், மறு பக்கம் காது கேளாத ரத்தினபாய் அக்கா. ஆறு மாதம் அந்தத் தூணுக்குத்தான் முக்கால்வாசிச் சமாதானம் சொன்னேன்.

லெந்து காலம் வந்தது. பெரிய வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாற்பது நாள் ஒடுக்கம். சிலர் கறியை விடுவார்கள், சிலர் காப்பியை விடுவார்கள். நான் கோழியை விட்டேன். அதற்கு முன்பே சாப்பிடவில்லை, அது வேறு விஷயம். முட்டை மட்டும் சாப்பிட்டேன். சார் சாயங்காலம் நடக்கப் போய்விட்டு வரும்போது சட்டைப் பையில் இரண்டு முட்டை வாங்கிவருவார். "கடை முட்டை இப்பல்லாம் நல்லா வருதே" என்று நானே சொல்லியிருக்கிறேன்.

அந்த நாற்பது நாளும் முழங்காலில் நின்று நின்று, ஒரு நாள் எனக்குள் தெளிவு வந்தது. நான் வயலட்டை மன்னித்துவிட்டேன்! முழுவதுமாக! அப்போது வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன். இதை வீணாக்கக் கூடாது, பெரிய வெள்ளிக்கிழமை முதல் வார்த்தையை நான் எடுத்துப் பேச வேண்டும் என்று தீர்மானித்தேன். பெயர் சொல்லமாட்டேன். ஒரு சகோதரி, ஒரு கோழி என்று மட்டும்தான் சொல்வேன். யாரென்று ஜனங்களுக்குத் தெரியும்.

நிலைமை இப்படி இருக்கும்போது நோட்டீசில் முதல் ஆள் வயலட் என்றால்! நேரே ஐயர் வீட்டுக்குப் போனேன். எங்கள் பக்கம் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம். சின்ன வயசு, நான் பாடம் நடத்திய பையன்களைவிடச் சின்னவர்.

"ஐயா, மன்னிப்பைப் பத்தி நான் பேசுறதுதான் முறை. அனுபவம் எனக்குத்தான் இருக்கு" என்றேன்.

"அவங்ககூட ராசி ஆயிட்டீங்களா டீச்சர்?"

"நான் மன்னிச்சு முடிச்சாச்சு ஐயா."

"அவங்ககிட்டச் சொன்னீங்களா?"

"முதல் வார்த்தையை எனக்குக் குடுங்க. மைக்கில சொல்லுதேன். அவளுக்கும் கேக்கும்லா."

ஐயர் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்புறம் சொன்னார். "வயலட் அம்மா ஈஸ்டர் முடிஞ்ச மறுநாள் ஓசூருக்குப் போறாங்க. மகன் வீட்டோட. இனிமே இங்க வரமாட்டாங்க போலிருக்கு. கடைசியா ஒரு வாட்டி பேசட்டும்னுதான் போட்டேன். மூணாவது வீடு, உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. சாருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அந்தப் பெயரை வீட்டில் சொல்லக் கூடாதே. முப்பத்தைந்து வருஷம் நான் வைக்கும் குழம்பில் உப்புக் குறைந்தால் புறவாசல் வழியாக உப்போடு வந்து நின்றவள், எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் ஓசூருக்குப் போகிறாளா! அதையும் சேர்த்து மன்னிக்க வேண்டியதாயிற்று.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. வயலட் ஏறினாள். வெள்ளைச் சேலை, கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. "எனக்குப் பேச வராது. மன்னிக்கச் சொல்லி ஆண்டவர் கேட்டாரு. அவரே கேட்டிருக்காருன்னா அது லேசுப்பட்ட காரியமா இருக்காது. நான் யார் மனசையாவது நோகப் பண்ணியிருந்தா மன்னிச்சிருங்க" என்று சொல்லி இறங்கிவிட்டாள். மூன்று நிமிஷம்கூட இல்லை. முதல் வார்த்தையை இப்படிப் பாழாக்குவார்களா? நானாக இருந்தால் அரைமணி நேரம் பேசியிருப்பேன்.

பரவாயில்லை, என் ஐந்தாவது வார்த்தை இருக்கிறதே. இரண்டு மணிக்கு ஏறினேன். பெண்கள் பக்கம் பாதித் தூக்கம். ஆண்கள் பக்கம் சார் ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். டிரில் மாஸ்டர் தூங்கினாலும் நிமிர்ந்துதான் தூங்குவார்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. "தாகத்துக்குத் தண்ணீர் கேட்டவருக்கு அவர்கள் என்ன கொடுத்தார்கள்? புளித்த காடியைக் கொடுத்தார்கள்" என்றேன். நிறுத்தினேன். நான் நிறுத்தினால் தூங்குகிறவர்கள் விழித்துக்கொள்வார்கள், அது பள்ளிக்கூடத்திலிருந்தே உள்ள பழக்கம். எல்லாரும் விழித்தார்கள். "இந்தக் காலத்தில் சிலர் காடியைக் கொடுப்பதில்லை. தூக்குச் சட்டியில் குழம்பைக் கொடுத்து அனுப்புகிறார்கள். நாம் ஆசையோடு வளர்த்ததை அறுத்து, அந்தக் குழம்பையே நமக்குக் கொடுத்து அனுப்புகிறார்கள். அப்படிப்பட்டவர்களையும் நான்..."

மன்னித்தேன் என்று சொல்ல வேண்டும். அதுதான் உச்சம். அந்த இடத்தில் ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு சத்தம். விளையாட்டு மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கும் பையனைக் கூப்பிடுகிற சத்தம்.

"ஜெபக்கனி! அந்தக் கோழி சாகலை! உசிரோடதான் இருக்கு!"

சார் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

ஆமாம் அம்மா. அந்தக் கோழிதான் இது. எட்டிப் பார்க்காதே, அதற்குப் பிடிக்காது.

ரத்தினபாய் அக்காவுக்குக்கூட அது கேட்டுவிட்டது போல. "யாரு உயிரோட இருக்கா?" என்று கேட்டாள். பின்பக்கம் யாரோ ஒரு வாலிபன், "நம்ம ஊர்ல வெள்ளிக்கிழமையே உயிர்த்தெழுந்தாச்சு" என்றான். துக்க நாள், சிரிக்கக் கூடாது. அத்தனை பேரும் முந்தானையையும் கைக்குட்டையையும் வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்கள். ஐயர் தலையைக் குனிந்து, "பாட்டுப் பாடுவோம்" என்றார். எந்தப் பாட்டு என்று சொல்லவில்லை. ஆறாவது வார்த்தை என்னவென்று உனக்குத் தெரியாதே. எல்லாம் முடிந்தது என்பதுதான் ஆறாவது வார்த்தை. அதைப் பேச வந்தவர் முதல் வரியைச் சொல்லிவிட்டு, அவராலும் முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு இன்னும் ஒரு பக்கம் மீதி இருந்தது.

மூன்று மணிக்குக் கோயிலில் கஞ்சி ஊற்றினார்கள். நான் நிற்கவில்லை. நேரே வயலட் வீட்டுப் புறவாசலுக்குப் போனேன். அவள் எனக்கு முன்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தாள். முருங்கை மரத்தடியில் கோழி நின்றது. ஒரு கால் கொஞ்சம் வளைந்திருந்தது.

"ஏட்டி, ஏலத்துல எதுக்கு என்னைய எதிர்த்துக் கேட்ட?"

"நான் எங்க மதினி எதிர்த்தேன்? அண்ணனுக்குக் கண்ணு தெளிஞ்சதுக்கு நீங்க படைச்ச கோழி. அதை நீங்களே திரும்ப ஏலம் எடுக்கணுமா? நான் எடுத்து உங்க வீட்ல விட்டுரலாம்னு கேட்டேன். நீங்க விடாம ஏத்துனிய. சரி, கோயிலுக்கு நல்ல வருமானம் வரட்டும்னு மதினி ஏத்திவிடுதாவன்னு நெனச்சு நானும் ஏத்துனேன். சிரிச்சேன்லா, நீங்க பாக்கலையா?"

"பெறவு ஏன் கொண்டாந்து விடலை?"

வயலட் சேலை நுனியை முறுக்கினாள். "வாரப்ப வாசல்படியில வழுக்கி விழுந்துட்டேன் மதினி. கோழி மேலயே விழுந்துட்டேன்."

வயலட் ஒல்லியான ஆள் இல்லை. அந்தக் கோழி பிழைத்ததே ஆண்டவர் செயல்தான்.

"கால் ஒடிஞ்சுபோச்சு. நொண்டிக் கோழியக் கொண்டாந்து குடுத்தா நீங்க என்ன சொல்லுவிய?"

"என் கோழிய நொண்டியாக்கிட்டியேன்னு கேட்டிருப்பேன்."

"அதான். குச்சி வச்சுக் கட்டி, நடக்கட்டும்னு பாத்தேன். அதுக்குள்ள நீங்க கதவைச் சாத்திட்டிய. வந்தப்பல்லாம் பாட்டு வேற படிச்சிய. நல்லாத்தான் படிச்சிய. கடைசிச் சரணம் வரைக்கும் நின்னு கேட்டுட்டுத்தான் போவேன்."

"அந்தக் குழம்பு?"

"அது பண்டிகைக்கு வாங்குன பிராய்லர். வருசா வருசம் குடுக்கறதுதான?"

வருஷா வருஷம் கொடுப்பதுதான். அது எனக்கு ஞாபகம் வரவில்லை. சார் ஏன் சவசவவென்று இருக்கிறது என்று சொன்னார் என்பதும் அப்போதுதான் புரிந்தது. அவருக்குப் பிராய்லர் ஆகவே ஆகாது.

"முட்டை போடுதா?"

"தவறாம. அண்ணன்தான் சாயங்காலம் வந்து எடுத்துட்டுப் போவாரே."

சட்டைப் பை! அதை வீட்டில் போய்க் கேட்டுக்கொள்ளலாம். பெருந்தன்மையாக, "சரி வயலட். போகட்டும். நான் உன்னை மன்னிச்சிட்டேன்" என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "எதுக்கு மதினி?"

இதுதான் அம்மா, இத்தனை வருஷ விசுவாச வாழ்க்கையில் எனக்கு வந்த பெரிய சிரமம். எதற்கு? ஏலம் எடுத்ததற்கா? எனக்காகத்தான் எடுத்திருக்கிறாள். குழம்புக்கா? அது வேறு கோழி. விழுந்ததற்கா? வேண்டுமென்றா விழுந்தாள்? நாற்பது நாள் முழங்கால் தேய்ந்து வாங்கிய மன்னிப்பு, கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், கொடுக்க ஆள் இல்லை. ஊருக்குப் போவதைச் சொல்லவில்லை என்று ஒன்று இருந்தது. அதையும் கேட்டேன். "அதைச் சொல்லத்தான் கடைசியா வந்தேன். நீங்க அன்னைக்கு ஏழு சரணம் உள்ள பாட்டா எடுத்துட்டிய" என்றாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாரை மன்னித்தேன். அவரிடம் கேட்டேன், "ஆறு மாசமா கோழி உசிரோட இருக்கிறது தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

"நீதான அந்தப் பேரு ரெண்டையும் சொல்லக் கூடாதுன்ன" என்றார்.

"அப்ப இன்னைக்கு மட்டும் சொன்னிய?"

"வீட்டுக்குள்ளதான சொல்லக் கூடாதுன்ன. அது கோயில்லா."

அதையும் மன்னித்தேன். ஆனால் அவருக்கு மன்னிப்பு கிடைத்ததில் பெரிய சந்தோஷம் இருந்ததாகத் தெரியவில்லை. கஞ்சிக்குத் துவையல் இருக்கிறதா என்று கேட்டார்.

ஈஸ்டருக்கு மறுநாள் வயலட் போனாள். நான் வழியனுப்பப் போகவில்லை. சாமான் ஏற்றிவிடத்தான் போனேன். பஸ்ஸுக்குள் ஏறிப் பையை அடுக்கிக்கொண்டிருக்கும்போதே வண்டியை எடுத்துவிட்டான். சரி என்று பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு, மூன்று ஸ்டாப் தள்ளி இறங்கி நடந்து வந்தேன். கோழியை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள்.

இது என் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு முட்டைகூடப் போடவில்லை, தெரியுமா? இடம் மாறினால் கோழிகளுக்கு அப்படித்தான் என்கிறார் சார். எனக்கென்னவோ இது பிடிவாதம் என்று படுகிறது. சாயங்காலமானால் அந்தப் பூட்டிக்கிடக்கும் வீட்டுப் புறவாசலில் போய் நிற்கும். நானும் தேடிப் போய்க் கொஞ்ச நேரம் அங்கே நிற்க வேண்டியிருக்கிறது. கோழிக்காகத்தான். இதற்கு விசுவாசம் போதாது, பொறுமையும் கிடையாது. அங்கே ஓசூரில் பேரனுக்கு நாட்டுக்கோழி முட்டை கிடைக்கவில்லை என்று வயலட் போனில் சொன்னாள். சரி, கொண்டுபோய் விட்டுவிட்டு, இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று கிளம்பிவிட்டேன். சார் நாலு ஜோடி உடுப்பு எடுத்து வைத்திருக்கிறார். அவருக்குக் கணக்கு வராது.

இந்த வருஷமும் இதை அறுப்பின் பண்டிகைக்குக் கொண்டுபோய்ப் படைத்தேன். பழையபடி புளியமரத்தடி, பழையபடி உபதேசியார். தூக்கிக் காட்டினார். நான் கேட்டேன். சுற்றிலும் பார்த்தேன், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அக்டோபர் பன்னிரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, முதல் கேள்விக்கே கோழி எனக்கு விழுந்தது.